மின்விசிறியை நிறுத்திய பிறகு

1

புகையைப் படமெடுக்கும் நாளில் முதலில் நிற்பது மின்விசிறி. அடுத்து ஏ.சி., அதற்கடுத்து ஜன்னல் கதவு. திருச்சி பாலக்கரையில் மாடி ஸ்டூடியோ என்றால் சித்திரை மாதத்தில் இது லேசான காரியம் இல்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் இரவு எட்டு மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். இருந்தும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஊதுபத்தி நுனியில் கிளம்பும் புகை முதலில் ஒற்றை நூலாக நேரே ஏறும். ஒரு சாண் தாண்டியதும் லேசாகத் தளும்பும். அதன் பிறகுதான் சுருள், மடிப்பு, பிரிவு, கலைவு எல்லாம். விசிறி ஓடும் அறையில் அந்த நூல் பிறக்கவே பிறக்காது. பத்தியை விட்டுக் கிளம்பும்போதே கந்தலாகிவிடும்.

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை மெல்லிய கோடாக விட்டுப் பார்த்தார். ஓட்டம் மெதுவாக இருக்கும்வரை சாயம் ஒரே கோடாகப் போனது. வேகம் கூடியதும் கலங்கிற்று. பத்திப் புகைக்கும் அதே கதைதான். சூட்டால் மேலே போகப் போக வேகம் பிடிக்கிறது, பருமனாகிறது, ஒரு கட்டத்தில் தானாகவே குலைகிறது.

படத்துக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சின்ன இடம். கோடு முடிந்து, கலக்கம் இன்னும் தொடங்காத பகுதி. மாடலின் முகம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். பத்தியை உயர்த்துவதா, ஸ்டூலைத் தாழ்த்துவதா என்பது அவரவர் வசதி.

2

கருப்புக் காகிதத்தை நம்ப முடியாது. கண்ணுக்குக் கருப்பாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு லைட் அடித்ததும் சாம்பல் நிறத்தில் எழுந்து நிற்கும். வெல்வெட் துணி பரவாயில்லை, விழும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதைவிட நல்லது துணிக்கு ஒளியே போகாமல் பார்த்துக்கொள்வது. தூரம் இதற்கு உதவும். ஒரு லைட்டிலிருந்து மூன்றடியில் முகம், ஒன்பதடியில் துணி என்று வைத்தால், முகத்துக்குக் கிடைப்பதில் 9-இல் ஒரு பங்குதான் துணியைத் தொடும். சின்ன ஸ்டூடியோவில் ஒன்பதடிக்கு எங்கே போவது? அங்கேதான் கட்டர் வருகிறது. சினிமா செட்டில் லைட்மேன்கள் ஒளியை வெட்டுவதற்கு நிறுத்தும் கருப்புத் துணிச் சட்டம். நமக்கு ஒரு பக்கம் கருப்பு அடித்த தெர்மாகோல் பலகையே போதும்.

லைட் வைக்கிறோம் என்று சொல்கிறோம். புகை நாளில் பெரும்பாலான நேரம் லைட்டை மறித்துக்கொண்டிருக்கிறோம். துணிமேல் படாமல் ஒரு பலகை, லென்ஸுக்குள் நேராகப் போகாமல் இன்னொன்று, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பாமல் மூன்றாவது. எல்லாவற்றையும் மறித்து முடித்த பின் மிஞ்சும் ஒளி எந்த வழியே போகிறதோ, அந்த வழியில் புகையை விட வேண்டும்.

ஒரு சோதனை உண்டு. ஃபிளாஷ் எதுவும் இல்லாமல், படமெடுக்கப்போகும் அதே அளவுகளில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/160 நொடியில், ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். திரை முழுக்கக் கருப்பாக வந்தால் அறை தயார்.

3

பொழுது சாயும் நேரத்தில் கடைவீதியில் சாம்பிராணிக்காரர் வருவார். கையில் தூபக்கால், தோளில் ஒரு துணிப்பை, இன்னொரு கையில் மயிற்பீலிக் கட்டு. கடை வாசலில் நின்று கங்கின்மேல் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவுவார். குபுக்கென்று எழும் புகையைப் பீலியால் கல்லாப் பக்கம் தள்ளுவார். கடைக்காரர் எண்ணிக்கொண்டிருக்கும் பணத்தை விடாமலே தலையை லேசாகக் குனிந்து வாங்கிக்கொள்வார்.

அவரைத் தெருவின் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடை விளக்கு நமக்குப் பின்னால் இருந்து அவர்மேல் விழுந்தால் ஆள் தெளிவாகத் தெரிவார், கைச் சுருக்கம்கூடத் தெரியும். புகை மட்டும் மங்கலான ஓர் அழுக்காக இருக்கும். அவர் நாலு கடை தாண்டியதும் எதிரே வரும் ஆட்டோவின் விளக்கு அவருக்குப் பின்னால் வந்துவிடும். அப்போது ஆள் வெறும் கருப்பு உருவம். புகையோ ஒவ்வொரு மடிப்போடும் எரிகிற மாதிரி நிற்கும். விளக்கு, புகை, கண் என்ற வரிசை. ஸ்டூடியோவில் காசு கொடுத்து நிறுத்துவது இந்த வரிசையைத்தான்.

காரணம் துகளின் அளவு. பத்திப் புகையிலும் சாம்பிராணிப் புகையிலும் மிதக்கும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவு. அந்த அளவுத் துகள்மேல் ஒளி பட்டால் அது எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறாது. வந்த திசையிலேயே, முன்னோக்கித்தான் அதிகம் சிதறும். கேமராவின் பக்கமிருந்து லைட் அடித்தால் புகை அந்த ஒளியைப் பின்சுவருக்குக் கொடுத்துவிடும். பின்னாலிருந்து அடித்தால் லென்ஸுக்குக் கொடுக்கும்.

ஆகவே மாடலுக்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு லைட், இரண்டும் சாய்வாக கேமராவை நோக்கி. ஒளி பரவாமலிருக்க ஒன்றுக்கு ஸ்னூட். மற்றதற்குத் தேன்கூட்டு வலை போட்ட ஒடுங்கிய சாஃப்ட்பாக்ஸ். லென்ஸ்மேல் ஹூட். கேமராவின் இடத்திலிருந்து பார்த்தால் எந்த லைட்டின் முகமும் தெரியக் கூடாது; தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு பலகை.

4

பத்தி நுனியிலிருந்து வரும் புகை நீலம். வாயிலிருந்து ஊதப்படும் புகை வெள்ளை. சிகரெட் பிடிப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். நுனிப் புகையின் துகள் மிகச் சிறியது; நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. நுரையீரலுக்குள் போய்வந்த புகையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமும் சேர்ந்து பருத்துவிடுகின்றன. எல்லா நிறத்தையும் ஒருபோலச் சிதறடிப்பதால் வெள்ளை. ஜான் டிண்டல் 1869-இல் குழாய்க்குள் ஆவியை அடைத்து, ஒளிக்கற்றை பாய்ச்சி, மெல்லிய மேகம் முதலில் நீலமாகத் தோன்றி, துகள் பெருகப் பெருக வெளுப்பதைப் பார்த்தார்.

பாலக்கரையிலிருந்து பஸ் ஏறிக் காவிரியைத் தாண்டினால் திருவானைக்காவல். அங்கே, தாய்வழிப் பாட்டனார் வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று பிறந்தார் சி.வி. ராமன். 1921-இல் இங்கிலாந்து போய்த் திரும்பிய கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்பது அன்றைய விளக்கம். ராமன் கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்து, மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கினார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அந்தச் சிதறலைத் துரத்திக்கொண்டு போனவர் 1928 பிப்ரவரி 28 அன்று, சிதறிய ஒளியில் ஒரு சிறு பங்கு நிறமே மாறி வருகிறது என்பதைக் கொல்கத்தாவில் கண்டார். 1930-இல் நோபல் பரிசு.

புகையில் நாம் பார்ப்பது ராமன் விளைவு அல்ல; நிறம் மாறாத சாதாரணச் சிதறல். அவர் தேடியது அதைவிடப் பல மடங்கு மங்கலானது. ஆனால் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒளி ஒரு வழியில் போகும், பார்ப்பவர் அதன் பாதையிலிருந்து விலகி நிற்பார், பின்னால் இருட்டு இருக்கும். இருட்டு சரியாக இல்லையென்றால் அவருக்கும் ஒன்றும் தெரிந்திராது.

5

நீலம் வேண்டும் என்றால் ஊதுபத்தி. கனமான வெள்ளை வேண்டும் என்றால் கரிக்கங்கில் சாம்பிராணி. செட்டுகளில் காலங்காலமாகப் புகை போடுவது இப்படித்தான். கம்ப்யூட்டர் சாம்பிராணி வசதி, பற்றவைத்து வைத்துவிட்டால் போதும். கிண்ண வடிவத்தில் வருவது இன்னும் சுலபம். ஆனால் மேலே எரியும் பகுதி சாம்பலாகி உதிரும். மாடலின் புடவைக்கு அருகில் வைக்கக் கூடாது. ஃபாக் மெஷின் கிளிசரினையோ கிளைகால் திரவத்தையோ சூடாக்கி மூட்டம் போடும்; அறை நிறையும், மடிப்பு இருக்காது. உலர்பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரிக் குளிரில் இருப்பதால் அதன் மூட்டம் தரையோடு தவழும், முகம்வரை வராது. அதோடு கரியமில வாயு கீழே தேங்கும் என்பதால் பூட்டிய அறையில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

மாடலுக்கு இழுப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். உண்டு என்றால் இந்தப் படமே வேண்டாம். வேறு படம் எடுக்கலாம்.

6

புகையை உறைய வைப்பது ஷட்டர் என்று நினைக்கிறார்கள். இருட்டறையில் ஷட்டர் வெறும் கதவு. திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே வருவது ஃபிளாஷின் ஒளி மட்டுமே. எனவே ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரிகிறதோ அதுதான் உண்மையான ஷட்டர். கையடக்க ஸ்பீட்லைட்டை முழு பவரில் அடித்தால் ஏறக்குறைய 1/1000 நொடி எரியும். 1/16 பவருக்கு இறக்கினால் சுமார் 1/10,000 நொடி. பவர் குறையக் குறைய வேகம் கூடுகிறது. பழைய வகைப் பெரிய ஸ்ட்ரோபுகள் பலவற்றில் இது தலைகீழ். பவரைக் குறைத்தால் ஒளி இழுத்துக்கொண்டு எரியும், புகையின் ஓரம் மழுங்கும். விலை குறைந்த சின்ன ஸ்பீட்லைட் இரண்டு, இந்த ஒரு வேலையில், பெரிய லைட்டை முந்திவிடும்.

ஃபோகஸ் புகையில் நிற்காது. ஆட்டோவில் விட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். மாடலின் கேமராப் பக்கத்துக் கண்ணில் வைத்து, மேனுவலுக்கு மாற்றி, பிறகு அதைத் தொடாமல் விட வேண்டும்.

7

முகத்துக்கு ஒரு லைட் தனியாக வேண்டும். முன்னால், சற்று மேலே, பின்லைட்டுகளைவிட ஒன்றரை ஸ்டாப் குறைவாக. முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவே போகும் புகையை இந்த லைட் தொட்டால் முகத்தின்மேல் வெள்ளைத் திரை விழுந்துவிடும். ஆகவே பத்தி முகத்துக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, அல்லது பக்கவாட்டில்.

நம் ஊர்க் கறுப்பு, மாநிறத் தோலுக்குப் பின்லைட் மிக நன்றாக உட்காரும். தாடையின் விளிம்பு, மூக்கின் தண்டு, தோள்பட்டை எல்லாம் மெல்லிய மினுக்கத்தோடு கருப்புத் துணியிலிருந்து பிரிந்து வரும். பவுடரை அப்பினால் அந்த மினுக்கம் செத்துவிடும். கல்யாண ஆல்பங்கள் பழக்கிவைத்த ஒரு கை இருக்கிறது, முகத்தைப் பார்த்ததும் வெளுக்கத் துடிக்கும் கை. புகைப் படத்தில் அது ஆகாது. முகத்தை வெளுத்தால் முகமும் புகையும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. முகம் அதன் நிறத்தில் நின்றால்தான் புகைக்கு வெள்ளையாக இருக்க இடம் கிடைக்கும்.

கலர் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பின்லைட்டில் ஜெல் தாள் ஒட்டினால் போதும். முன்லைட் வெள்ளையாகவே இருப்பதால் முகம் மாறாது; விளிம்பு மட்டும் லேசாகச் சாயம் ஏற்கும்.

8

பாலக்கரைக்குப் பக்கத்தில்தான் சங்கிலியாண்டபுரம், சிவாஜி கணேசன் சிறுவனாக வளர்ந்த இடம். ‘சாந்தி’ (1965) படத்தில் அவர் சிகரெட்டோடு நடந்துகொண்டே பாடும் பாட்டை ஊரில் இன்றும் பேசுவார்கள். உற்றுப் பார்த்தால், பாத்திரத்தின் மனம் எங்கே கனக்கிறது என்பதை அவர் புகையை விடும் நேரம் சொல்லிவிடும். எப்போது இழுக்கிறார், எவ்வளவு உள்ளே வைத்திருக்கிறார், எந்த இடத்தில் விடுகிறார் என்று கணக்கு வைத்த நடிப்பு. இப்போது திரையில் சிகரெட் வந்தால் கீழே எச்சரிக்கை வரியும் வரும். 2012 முதல் அப்படி. நல்லதுதான். மூச்சைக் காட்டச் சிகரெட் தேவையில்லை, தூரத்தில் எரியும் ஒரு பத்தி போதும்.

ஒளிக்கற்றையை இந்தி சினிமாவில் நிலைநிறுத்தியவர் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி. ‘காகஸ் கே ஃபூல்’ (1959) படத்தில் இருண்ட ஸ்டூடியோவுக்குள் மேலிருந்து சாய்ந்து விழும் ஒளித்தூணுக்காக, பெரிய கண்ணாடிகளை வைத்து வெளியிலிருந்த சூரிய ஒளியை உள்ளே திருப்பினார். விளக்கின் ஒளி விரிந்துகொண்டே போகும். சூரிய ஒளி இணையாக வரும், தூண் தூணாகவே இருக்கும். தமிழில் பி.சி. ஸ்ரீராமின் படங்களில் பின்னொளியும் மூட்டமும் சேர்ந்து வீட்டுக்குள் ஒரு பொழுதையே உண்டாக்கின. ‘நாயகன்’ (1987) அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. இரண்டு பேருக்கும் பொதுவானது ஒன்று: காற்றில் ஏதாவது மிதந்தாக வேண்டும். சுத்தமான காற்றில் தூண் நிற்காது.

9

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், நடனம் பயில்பவள். அரங்கேற்ற அழைப்பிதழுக்குப் படம். பத்தி எரிகிறது, லைட் தயார். அவள் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“அண்ணா, மூச்சை அடக்கிக்கவா?”

“வேணாம்மா. சாதாரணமா விடு. மூக்கால விட்டாப் போதும்.”

“விட்டா புகை ஆடுதே.”

“ஆடட்டும்.”

விசிறி நின்ற அறையில் காற்றை அசைக்க மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று அவள் மூச்சு. இன்னொன்று அவள் உடம்பின் சூடு. உட்கார்ந்திருப்பவரின் தோல் ஏறத்தாழ 33 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சி என்றால், உடம்பை ஒட்டிய காற்று சூடேறி மேலே வழுக்கிக்கொண்டு போகும், தோளைத் தாண்டி, கன்னத்தை ஒட்டி, உச்சிவரை. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டம் எல்லோரையும் சுற்றி எந்நேரமும் இருக்கிறது. பகல் பத்து, இராப் பத்து உற்சவம் நடக்கும் மார்கழியில், விடியலில் படமெடுத்தால் புகை மாடலின் தோளருகில் வந்ததும் இழுத்துக்கொள்ளப்பட்டு முகத்தோடு ஏறும். சித்திரையில் அறையும் தோலும் ஒரே சூடு. அந்த இழுப்பு இருக்காது. புகை அவளை விட்டுத் தள்ளியே நிற்கும், மூச்சு விடும்போது மட்டும் மூக்குக்குக் கீழே ஒரு வளைவு விழும். ஒரே ஸ்டூடியோ, ஒரே லைட், மாதம் மாறினால் படம் வேறு.

எத்தியேன் ழூல் மாரே என்ற பிரெஞ்சுக்காரர் உடலியல் ஆய்வாளர். நாடித்துடிப்பையும் மூச்சையும் காகிதத்தில் கோடாக வரையும் கருவிகளைச் செய்தவர். 1882-இல் பறக்கும் பறவையை அடுக்கடுக்காகப் படமெடுக்கத் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். கடைசிக் காலத்தில், 1899 முதல் 1901 வரை, கண்ணாடிப் பெட்டிக்குள் புகையை இணைகோடுகளாக விட்டு, குறுக்கே பல வடிவப் பொருள்களை வைத்து, கோடுகள் எப்படி வளைகின்றன என்று மக்னீசிய ஒளியில் படமெடுத்தார். பின்னணி கருப்பு. விமானம் பறக்கும் முன்பே எடுத்த படங்கள் அவை. மூச்சில் தொடங்கியவர் காற்றில் வந்து நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர் பெட்டிக்குள் வைத்த மரத்துண்டின் இடத்தில் நாம் ஒரு மனுஷியை உட்கார வைக்கிறோம். மரத்துண்டு மூச்சு விடாது என்பதுதான் வித்தியாசம்.

10

கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க மூட்டம். கருப்பு கருப்பாக இல்லை, புகையின் ஓரம் கரைகிறது. கதவைத் திறந்து, எக்ஸாஸ்ட்டைப் போட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். தம்பி டீ வாங்கப் போவான். மாடல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். கரூர் பக்கம் போகும் ரயிலின் சத்தம் கேட்கும். உள்ளே காற்று மாற வேண்டும், மாறிய காற்று அடங்கவும் வேண்டும். அடங்குவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கதவைச் சாத்தி உடனே பத்தியைக் கொளுத்தினால் நூல் எழாது. இந்த வேலையின் கூலியில் பாதி காத்திருப்பதற்குத்தான்.

11

தேர்வு செய்ய உட்காரும்போது வாடிக்கையாளரின் விரல் புகை அதிகமுள்ள படத்துக்குத்தான் முதலில் போகும். அது இயல்பு, கண் நிறைந்ததைத்தான் நாடும். நான் பார்ப்பது வேறு. மூச்சை விட்டு முடித்த தருணத்தில் தோள் இறங்கியிருக்கும், கண் இளகியிருக்கும். அதே கணத்தில் அந்த மூச்சு பட்டுப் புகை எங்கோ வளைந்திருக்கும். அமைதியாக உட்கார்ந்திருப்பவர் நான்கைந்து நொடிக்கு ஒருமுறை மூச்சு விடுகிறார். அந்த இறக்கத்தின் கடைசியில் பொத்தானை அழுத்தினால் முகமும் புகையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்.

கற்றுக்கொள்ள வரும் தம்பிகளுக்கு வரிசையாகச் சொல்வேன்: முதலில் இருட்டு, பிறகு பின்லைட், பிறகு முகம், கடைசியில் புகை. அதோடு, மாடலிடம் சொல்லக் கூடாத ஒரு வாக்கியம். ‘அசையாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்குங்க’ என்பது ஸ்டூடியோத் தொழிலின் பழைய கட்டளை. ஒளிக்குப் பஞ்சமான காலத்தில், கண்ணாடித் தட்டு பல நொடி திறந்திருக்க வேண்டியிருந்ததால் பிறந்தது. தட்டு போய், ஃபிலிம் போய், கட்டளை மட்டும் தங்கிவிட்டது. 1/10,000 நொடியில் எரிந்து அணையும் லைட்டின் முன்னால் யாரும் சிலையாக வேண்டியதில்லை. மூச்சை அடக்கினால் கழுத்து நரம்பு முறுக்கேறுவது படத்தில் தெரியும். புகையும் முகம் ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் நேரே மேலே போய்க்கொண்டிருக்கும்.